போத்தலில் ஒரு கடற்கரை

ஓர் ஊரின் பெயரை ஒரு மணத்துக்கு வைக்கலாமா? ஸ்ரொக்ஹோம் நகரில் 2006இல் பென் கோரம் என்பவர் தொடங்கிய பைரேடோ நிறுவனம் ‘பலெர்மோ’ என்ற பெயரில் ஒரு வாசனைத் திரவியத்தை வெளியிட்டது. தோடை இனத்துப் பழங்களும் இலைகளும் அதன் அடிப்படை. கோரமின் தாய் இந்தியர். அவருடைய ஊரான மும்பாய்ச் செம்பூரின் பெயரிலும் அந்த நிறுவனம் ஒரு போத்தல் செய்தது. மகன் தாயின் ஊரை மணமாகச் செய்து வைத்துக்கொள்கிறான் என்றால் அதில் குறைசொல்ல என்ன இருக்கிறது? நாமும்தான் ஊரிலிருந்து வரும் பார்சலை முதலில் மூக்கருகே கொண்டுபோகிறோம்.

சிசிலியின் கடற்காற்றையும் தோடம்பூவையும் சேர்த்துச் செய்யப்படும் திரவியங்கள் இன்று ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்துவிட்டன. பெருங்கடைகளில் குவித்து விற்காமல், சிறு அளவில் செய்து, இதற்கென்றே அலைகிறவர்கள் தேடி வாங்கும் வகை. ஒரு சிறு போத்தலே நூறு யூரோவைத் தாண்டும். பெட்டிக்குள் மடித்த காகிதம் ஒன்று இருக்கும். காலை வெயில், உப்பு, பழைய அரண்மனை முற்றத்தில் பூத்து நிற்கும் தோடை என்று அது பேசும். அந்தக் காகிதம் வருணிக்கிற இடம் பலெர்மோவில் எங்கேயென்று தேடிப் போனால், அது கால்சாவாகத்தான் இருக்க முடியும். துறைமுகத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்தபடி பிரபுக்களின் மாளிகைகள் வரிசையாக நிற்கும் பழைய பேட்டை.

பெயரைக் கேட்டவுடன் சீக்கியரின் கால்சா நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே அரபுச் சொல்லின் பிள்ளைகள்தான். தூயது, கலப்பற்றது என்று பொருள். 937ஆம் ஆண்டளவில் ஃபாத்திமிய ஆட்சியின் ஆளுநர் தன் படைக்கும் அலுவலகங்களுக்குமாக மதில் எழுப்பிக் கட்டிய நகர் அல்-காலிஸா. மற்ற நகரத்தாரிடமிருந்து ஆட்சியாளரைப் பிரித்து வைத்த மதில் அது. தோடையையும் எலுமிச்சையையும் சிசிலிக்குக் கொண்டுவந்தவர்களும் அரபிகளே. அந்தப் பூவுக்குச் சிசிலியில் இன்றும் ஸாகரா என்றுதான் பெயர். பூ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. பழத்தின் பெயரோ இன்னும் தூரம் நடந்து வந்தது. இத்தாலிய ‘அரன்ச்சா’வுக்குப் பின்னால் அரபு ‘நாரஞ்ச்’, அதற்குப் பின்னால் பாரசீகம், அதற்குப் பின்னால் சமஸ்கிருத ‘நாரங்க’. அதற்கும் முன்னால் ஒரு திராவிடச் சொல் இருக்கக்கூடும் என்று கருதும் மொழியியலாளர் பலர். எமது நாரத்தையை அவர்கள் சுட்டுவார்கள். இதைச் சொல்லி மார்தட்ட வேண்டியதில்லை. கடவுச்சீட்டு இல்லாமல் பலெர்மோ வரை போய்ச் சேர்ந்த முதல் சொல் அதுவாக இருக்கலாம் என்று சிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இப்போது காகிதத்தையும் இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1943 மே 9ஆம் திகதி நேச நாடுகளின் விமானங்கள் பலெர்மோவின் பழைய நகரை நொறுக்கின. கால்சா மிக மோசமாக அடிபட்ட பேட்டைகளில் ஒன்று. போருக்குப் பிறகு இடிபாடுகளை அள்ளிக்கொண்டுபோய்க் கரையோரத்தில் கொட்டினார்கள். இன்று ஃபோரோ இத்தாலிக்கோ என்ற பெயரில் புல் வளர்த்து, பிள்ளைகள் பந்தடிக்கும் அந்த நீண்ட வெளி, உடைந்த வீடுகளின் மேல் நிற்கிறது. மாளிகைகளின் காலடியில் கிடந்த கடல் அப்படித்தான் தள்ளிப்போனது. கால்சாவாசி கடலை முகரப் போகவேண்டுமென்றால் முதலில் தன் பாட்டன் வீட்டுக் கல்லின் மேல் நடக்கவேண்டும்.

பூவின் கதை இதிலும் கெட்டது. பலெர்மோவைச் சுற்றி மலைகளுக்கிடையில் விரிந்து கிடந்த சமவெளிக்குக் கொங்கா தோரோ, பொன் சிப்பி, என்று பெயர். முழுக்கத் தோடையும் எலுமிச்சையும் மண்டரினும். 1958 முதல் 1963 வரை சல்வோ லீமா மேயராகவும், வீற்றோ சான்சிமீனோ பொது வேலைகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்த காலத்தில் அந்தத் தோட்டங்கள் தறிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்தன. கொடுக்கப்பட்ட கட்டட அனுமதிகள் நாலாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பங்கு, கட்டடத் தொழிலோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சிலரின் பெயரில் இருந்தது. ‘பலெர்மோவின் கொள்ளை’ என்று வரலாற்றில் எழுதப்பட்டிருப்பது இதுதான். லீமாவை 1992இல் மாஃபியாவே சுட்டது. சான்சிமீனோ அதே ஆண்டு மாஃபியாத் தொடர்புக்காகத் தண்டனை பெற்றார். என் பார்வையில் முக்கியமானது வேறொன்று. கட்டட வேலையில் மிஞ்சிய மண்ணும் கல்லும் நகரின் தெற்குக் கரையில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டன. மக்கள் குளித்துக்கொண்டிருந்த கடற்கரைகள் குப்பை மேடுகளாயின. அதாவது பூவை அழித்த கையே அதே வேலையின் மிச்சத்தால் கடற்கரையையும் அழித்தது. கடற்கரையும் தோடம்பூவும் என்று போத்தலில் சேர்ந்து வரும் இரண்டும், பலெர்மோவில் அழிந்ததும் சேர்ந்தே.

அதற்கு முன்பு தோட்டங்கள் இருந்த காலம் பொற்காலமா என்றால் அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலுமிச்சை ஏற்றுமதி பெரும் பணம். பணம் இருந்த இடத்தில் காவற்காரன் வந்தான், காவற்காரனே கள்ளனானான். மாஃபியாவின் தொட்டில் வறண்ட உள்நாட்டைவிட இந்தத் தோட்டங்களில்தான் இருந்தது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. கஸ்பாரே கலாத்தி என்ற வைத்தியர் 1872இல் ஓர் எலுமிச்சைத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். களவெடுத்த காவற்காரனை நிறுத்தினார். அவர் புதிதாக வைத்தவனைச் சுட்டார்கள். மிரட்டல் கடிதங்கள் வந்தன. பொலிஸ் மறுபக்கம் பார்த்தது. 1875இல் குடும்பத்தோடு நாப்போலிக்கு ஓடி, அங்கிருந்து உள்துறை அமைச்சுக்கு நடந்ததையெல்லாம் எழுதினார். தோட்டத்தைவிட்டு இரவோடிரவாக ஓடிய ஒருவர் நீண்ட மனு எழுதுகிறார்; யாராவது வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில். இதில் எங்களுக்கு அந்நியமானது எதுவுமில்லை.

லம்பெதூசாவின் ‘சிறுத்தை’ நாவலை வாசித்தவர்களுக்கு அதன் முதல் அத்தியாயத் தோட்டம் மறந்திராது. பூக்கள் திகட்டத் திகட்ட மணக்கும் அந்தத் தோட்டத்தில், எலுமிச்சை மரத்தின் கீழே செத்துக் கிடந்த படைவீரனின் உடலைக் கண்டெடுத்த நினைவும் சேர்ந்தே வருகிறது. லம்பெதூசாவின் பரம்பரை மாளிகை 1943 ஏப்ரல் குண்டுவீச்சில் போயிற்று. பின்னர் அவர் குடியிருந்து, அந்த நாவலை எழுதி, 1957இல் இறக்கும்வரை வாழ்ந்தது கால்சாவின் பூதேரா வீதியில். வீடிழந்த பிரபு எழுதிய நூல். பிரபுத்துவத்தின் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் தன் வகுப்பின் தோட்டத்தை நினைத்தபோது பிணத்தை அகற்றிவிட்டு நினைக்கவில்லை என்பதற்காக அந்த மனிதரை மதிக்கிறேன்.

இனித் தொழிலுக்கு வருவோம். தோடம்பூவின் எண்ணெய் ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ ஆயிரம் கிலோ பூ வேண்டும். விடியப்புறம் கையால் ஆய்ந்த பூ. அதனால் பல போத்தல்களில் பூவின் பங்கு சொற்பம். மிச்சம் ஆய்வுகூடத்தில் செய்தது. கடலின் நிலை இன்னும் வேடிக்கை. கடலை வடித்தெடுக்க முடியாது. 1966இல் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் தற்செயலாகக் கண்டெடுத்த கலோன் என்னும் பொருள்தான், 1990களில் உலகத்தின் மூக்குக்கெல்லாம் ‘கடல்’ ஆனது. முகர்ந்தால் வெட்டிவைத்த வத்தகப்பழத்தின் வாசம் வரும். உண்மையான கடல் மணத்தைத் தருவது பெரும்பாலும் கடலின் நுண்பாசிகளிலிருந்தும் அவை அழிவதிலிருந்தும் கிளம்பும் டைமெதில் சல்பைட் என்ற வாயு. அவித்த கோவாவில் வருவதும் அதுதான். கடல் மணம் என்பதில் சாவும் அழுகலும் கலந்திருக்கிறது. போத்தலுக்குள் சாவுக்கு அனுமதியில்லை.

ஆகவே இந்தப் போத்தல் பொய் சொல்கிறது என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். எம்மவர் பலருக்கு இந்த முடிவு மிக இலகுவாக வந்துவிடும். முதலாளித்துவம் எல்லாவற்றையும் சரக்காக்குகிறது என்ற வசனம் எங்கள் சஞ்சிகைகளில் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் ஒரு வாசனைத் திரவியம் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்ததில்லை. மல்லிகை மாலை பிணத்தின் மேலும் கிடக்கிறது, மணவறையிலும் கிடக்கிறது. அதற்காக மல்லிகையைப் பொய்யென்று யாரும் சொல்வதில்லை. எல்லா மணத்தையும் ஒருசேர அடைத்தால் அது எந்த இடத்தின் மணமாகவும் இராது. தெரிந்தெடுப்பது குற்றமென்றால் கவிதையும் குற்றம், நினைவும் குற்றம்.

என் கேள்வி பெயரைப் பற்றியது. ‘தோடம்பூ 3’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ‘பலெர்மோ’ என்றோ, ஓர் உண்மையான பேட்டையின் பெயரையோ வைத்தவுடன் கதை மாறுகிறது. அங்கே மனிதர் இருக்கிறார்கள். அவர்களிடமும் மணம் இருக்கிறது. ஊரின் பெயர் பொதுச்சொத்து என்று எடுத்துக்கொள்கிறவர், அந்த ஊரில் வசிப்பவர்களின் மணத்தை என்ன செய்கிறார்?

தத்துவஞானிகள் மூக்கைப் பெரிதாக மதித்ததில்லை. கான்ற் 1798இல் வெளியிட்ட மானிடவியல் நூலில் மணத்தைத்தான் ஆகக் கீழான, இல்லாவிட்டாலும் பரவாயில்லாத புலனாக வைக்கிறார். அவர் சொன்ன காரணம் சுவாரசியமானது. சாப்பிடுகிறவன் தானே தேர்ந்து வாயில் போடுகிறான். மணமோ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அடுத்தவனுக்குள் நுழைகிறது, ஆகவே அது சுதந்திரத்துக்கு எதிரானது என்கிறார். வாதம் சரிதான். ஆனால் யாருடைய மணம் நுழைவு, யாருடையது அத்துமீறல் என்பதைத் தீர்மானிப்பது யார் என்று அவர் கேட்கவில்லை. அதைச் சட்டம் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

2002இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு மணத்தை வணிகக் குறியீடாகப் பதியக் கேட்டவரைத் திருப்பி அனுப்பியது. 2006 யூனில், மூன்று நாள் இடைவெளியில், பிரான்சின் உயர் நீதிமன்றம் வாசனைத் திரவியத்தின் மணத்துக்குப் பதிப்புரிமை இல்லையென்றும், நெதர்லாந்தின் உயர் நீதிமன்றம் உண்டென்றும் தீர்ப்பளித்தன. இவையெல்லாம் மணம் ஒருவருக்குச் சொந்தமாகலாமா என்ற வழக்குகள். 2017இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் மறுபக்கத்திலிருந்து வந்தது: சமையல் மணம் தாங்கக்கூடிய அளவை மீறி அயலவரை உபத்திரவப்படுத்தினால் அது குற்றவியல் சட்டத்தின் 674ஆம் பிரிவுக்குள் அடங்கும். வழக்கு பொரியலையும் தக்காளிக் குழம்பையும் பற்றியது, கறித்தூளைப் பற்றியதல்ல. அதே ஆண்டு இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில், நூற்றுக்கணக்கான வீடுகளை வாடகைக்கு விடும் ஒருவர், போகும்போது கறி மணம் ஒட்டிக்கொள்கிறது என்ற காரணம் காட்டி நிறத்தவருக்கு வீடு கொடுக்கவேண்டாமென்று முகவருக்கு எழுதியது வெளிவந்தது. அது சட்டவிரோதமென்று நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் நீதிமன்றம் போகாத கதைகள் எமது ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன. கோட்டை சமையலறையிலிருந்து தூரத்தில் கொளுவுவது, மீன் பொரிக்கிற நாளில் யன்னலைத் திறப்பதா பூட்டுவதா என்று தவிப்பது. மணம் உரிமையாகும்போது அது ஒரு நிறுவனத்துடையது. குற்றச்சாட்டாகும்போது அதற்கு ஒரு முகம், பெரும்பாலும் எம்முடைய முகம், கிடைத்துவிடுகிறது.

பலெர்மோவில் 1980களிலிருந்து ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். பெரும்பாலானோருக்கு வீட்டுவேலை, முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடில்லாமல் பெல்லெகிரீனோ மலையேறி றோசாலியா அம்மாளைக் கும்பிடுவார்கள். அப்படியொரு அக்கா எனக்குத் தெரியும். 1990இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, கடைசியில் இங்கே வந்தவர். கால்சாவில் பிறந்த, தொண்ணூறை நெருங்கிய ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நொன்னா’ என்பார். ஊரில் துரைசாணிக்கு நோனா. இங்கே அப்பாச்சிக்கு நொன்னா. எனக்கு இரண்டும் ஒண்டுதான் என்று சிரிப்பார். ஒரு நத்தாருக்கு மிலானோவிலிருந்து வந்த மகள், அம்மா தன் பிள்ளைக்காலத்தை நினைக்கட்டுமென்று கடலும் ஸாகராவும் சேர்ந்த ஒரு போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். மூதாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அக்கா அதை வீணாக்கவில்லை. விடியப்புறம் நனைந்த விரிப்பை மாற்றிய பிறகு அறையில் இரண்டு தரம் அடித்துவிடுவார்.

“கடல் எண்டு எழுதிக் கிடக்கு தம்பி. கடல் இப்பிடியே மணக்கும்? உது குளிச்ச ஆக்களின்ர மணம்” என்றார்.

காகிதத்தில் எழுதியவர்களில் யாரும் இதைவிடச் சரியாக எழுதியதாக நான் நினைக்கவில்லை. மயிலிட்டிக் கடலை அடைத்து வித்தால் வாங்குவீர்களோ என்று கேட்டேன். “ஆர் வாங்குவினம்? எங்கட ஆக்களே வாங்கமாட்டினம்.”

அந்த ‘எங்கட ஆக்கள்’ என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கடற்கரையைப் பற்றிப் புகலிடத்தில் எழுதப்பட்டவற்றை ஒரு மேசையில் அடுக்கினால் மேசை தாங்காது. மணல், தாழை, வெள்ளிநிலா, உப்புக்காற்று. தேசிப்பூவும் தோடம்பூவும் வீட்டுக் கோடியில் தவறாமல் பூக்கும். இவற்றை எழுதியவர்களில் எத்தனைபேர் கடற்கரையில் வாழ்ந்தவர்கள்? ஊரில் ‘மீன் மணக்குது’ என்பது ஒரு வருணனையல்ல. அது ஓர் ஏச்சு. பள்ளிக்கூட வாங்கில் தள்ளி இருப்பதற்கான காரணம், கலியாணப் பேச்சை நிறுத்துவதற்கான காரணம். நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்தது, இன்று அதற்கு நேரெதிர். எந்தக் கட்டத்தில் யாருடைய மூக்குக்காக அது புரண்டது என்று ஆராய்ந்தால் பயனுள்ள ஒரு சமூக வரலாறு கிடைக்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த கரையை இருபதினாயிரம் மைல் தள்ளி நின்றதுபோல ஏங்கி எழுதும்போது, அந்த ஏக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மிலானோ மகளின் ஏக்கமும் பொய்யில்லை. ஆனால் எந்த மணத்துக்காக ஒருவன் தள்ளி வைக்கப்பட்டானோ, அந்த மணத்தைக் கழுவித் துடைத்து எம் இழப்பின் அடையாளமாக நாமே சூடிக்கொள்கிறோம். அவனுடைய வீடும் அந்தக் கரையில்தான் இருந்தது.

கடற்கரையோடு நிற்காது இது. மாவிட்டபுரம் கோயில் தேரின் கற்பூர வாசம் எத்தனையோ பேருடைய நினைவுகளில் வருகிறது. 1968இல் அதே கோயில் வாசலில் உள்ளே விடுங்கள் என்று கேட்டு அடிபட்டவர்களுக்கும் அந்த வாசம் தெரியும். வெளியே நின்று முகர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பெருநாள் பிரியாணியைப் பற்றியும் உருக்கமாக எழுதியிருக்கிறோம். 1990 ஒக்ரோபரில் அந்தச் சமையலறைகளை இரண்டு மணித்தியால அவகாசத்தில் காலிசெய்யச் சொன்ன கதை அந்தக் கட்டுரைகளில் ஒரு வரியாகவாவது வருகிறதா என்று பார்த்தால், பலவற்றில் வருவதில்லை. பைரேடோவுக்கு இல்லாத ஒரு கடமை எங்களுக்கு உண்டென்று நான் நினைப்பது இதனால்தான். திரவியம் செய்கிறவன் பலெர்மோவை விற்கிறான். பலெர்மோவாசி ஒருவனின் வாயை அவன் அடைக்கவில்லை. நாங்களோ ‘எங்கள் ஊர்’ என்று எழுதுகிறோம். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் யாரைக் கேட்டு யாரை அடைத்தோம்?

எல்லாவற்றையும் எழுதவேண்டும், ஒவ்வொரு பூவின் பக்கத்திலும் ஒரு பிணத்தை வைக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதுவும் ஒரு பாணியாகிவிடும், ஆகியும் இருக்கிறது. அந்தப் பேட்டையில் வாழ்ந்த ஒருவர் போத்தலைத் திறந்து முகர்ந்துவிட்டு ‘இது குளித்தவர்களின் மணம்’ என்று சொல்ல இடம் வேண்டும். எங்கள் சஞ்சிகைகளுக்கு அவர் எழுதிய கடிதம் வந்தால் அது வாசகர் பகுதியின் மூலையில் நாலு வரியாகச் சுருங்கக்கூடாது.

மயிலிட்டித் துறைமுகம் 27 வருடங்களுக்குப் பிறகு 2017 யூலையில் இராணுவத்திடமிருந்து விடுபட்டது. அடுத்த வருடம் அக்கா ஊர் போய் வந்தார். வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணறு மட்டும் தெரிந்ததாம். இரண்டு கிலோ கருவாடு கொண்டுவந்தார். ஏழு பொலித்தீன் பைகளில் மாறி மாறிச் சுற்றி, உடுப்புக்கு நடுவில் வைத்து, அதற்கு மேல் நொன்னாவின் போத்தலில் மிச்சமிருந்ததை அடித்திருக்கிறார். சுங்கக்காரருக்குப் பயந்தோ என்று கேட்டேன். இல்லை, விமானத்தில் பக்கத்து இருக்கையில் யார் வந்து இருப்பார்களோ என்றுதான் பயமாம்.